மீன் தொட்டிக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தர மாட்டேன்

1/
நீண்ட இழை. கடல்மீன் தொட்டி வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன். தொட்டியே இல்லாதவங்களும் படிங்க. ஏன்னா இதுல பாதி மீனைப் பத்தி. மீதிப் பாதி, நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா கொடுக்க என்ன மாத்திரை மிச்சம் இருக்கும்ங்கறதைப் பத்தி.

2/
போன மாசம், சாயந்திர ஓபி. தறி வேலை முடிச்சு வர்றவங்க, பூ மார்க்கெட் ஆளுங்க, கைப்பிள்ளையோட தாய்மாருங்கன்னு கிளினிக் நிறைஞ்சிருக்கு. 30-வது டோக்கனா ஒரு தம்பி உள்ள வந்தார். காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. உட்கார்ந்ததும் போனை நீட்டினார். போட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டி. மணல் மேல, கல் மேல எல்லாம் சிவப்பா ஒரு வழுவழுப்பான படலம்.

3/
"டாக்டர், எரித்ரோமைசின் 2 அட்டை, சிப்ரோ 2 அட்டை எழுதித் தாங்க. மெடிக்கல்ல சீட்டு கேக்காங்க."
"யாருக்குப்பா?"
"தொட்டிக்கு டாக்டர்."
மாட்டேன்னு சொல்லிட்டேன். முகம் வாடிப்போச்சு. "யூடியூப்ல எல்லாரும் போடுதாங்க. நீங்க மட்டும் ஏன் டாக்டர்..."
அந்த "ஏன்"க்கு ஓபியில பதில் சொல்ல நேரம் இல்ல. வெளிய இன்னும் 20 பேர். அதான் இங்க சொல்றேன்.

4/
முதல்ல ஒண்ணு. நான் தொட்டி வைக்கிறதுக்கு எதிரி இல்ல. என் வீட்டுலயே 200 லிட்டர் தொட்டி இருக்கு. ரெண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம். கடல் இங்க இருந்து 100 கிலோமீட்டருக்குக் கிட்ட. சித்திரை வெயில், கரண்ட் கட், உப்புப் பிடிச்ச போர் தண்ணி, எல்லாத்தோடயும் மல்லுக்கட்டித்தான் வச்சிருக்கேன். நான் செஞ்ச முட்டாள்தனத்தையும் கீழ ஒத்துக்கறேன்.

5/
நம்ம ஆட்கள் செய்யற முதல் தப்பு: பாசியை நோய்னு நினைக்கிறது.
பாசி நோய் இல்ல. காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. காய்ச்சல்னு வந்தவருக்கு பாரசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பிட்டா சூடு இறங்கும். உள்ள இருக்கிறது டெங்குவா, டைஃபாய்டான்னு பார்க்காம விட்டா நாலாவது நாள் ஆம்புலன்ஸ்ல வருவார். தொட்டியிலயும் அதேதான். பாசியைக் கொன்னா பாசி சாகும். அது வந்த காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

6/
என்ன காரணம்? பாசிக்கு மூணு வேணும்: வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ்.
தாமிரபரணியில ஆகாயத்தாமரை படர்றதைப் பார்த்திருப்பீங்க. இயந்திரம் வச்சு அள்ளுவாங்க, போட்டோ எடுப்பாங்க. கொஞ்ச நாள்ல திரும்பப் பச்சைக் கம்பளம். ஏன்? சாக்கடை உள்ள வந்துக்கிட்டே இருக்கு. சாக்கடைதான் அதுக்கு உரம். வாய்க்காலை அடைக்காம செடியை மட்டும் அள்ளுனா அள்ளிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

7/
உங்க தொட்டிக்கு சாக்கடை எங்க இருந்து வருது? உங்க கையில இருந்து.
ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த மீன் தீவனத்துல சுமார் 1 சதவீதம் பாஸ்பரஸ் இருக்குன்னு வச்சுக்கோங்க. 1 கிராம் தீவனத்துல 10 மில்லிகிராம். அது பாஸ்பேட்டா மாறும்போது எடை சுமார் 30 மில்லிகிராம். 200 லிட்டர்ல கரைஞ்சா 0.15 பிபிஎம்.
பவளத் தொட்டியில நாம வச்சிருக்க நினைக்கிற அளவே 0.03 முதல் 0.1 வரைதான்.

8/
அதாவது ஒரு சிட்டிகை தீவனம் கூடப் போட்டு, அதை வெளியே எடுக்க வழி இல்லேன்னா, ஒரே நாள்ல எல்லை தாண்டியாச்சு. மீன் சாப்பிட்டதுல கொஞ்சம் அது உடம்புல சேரும், ஸ்கிம்மர் கொஞ்சம் இழுக்கும், அது வேற. மிச்சம் தண்ணியிலதான்.
"அண்ணாச்சி, மீன் பசியா பார்க்குது"ன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை போடறவங்க இருக்காங்க. மீன் எப்பவும் பசியாத்தான் பார்க்கும். அது அதோட முகம்.

9/
"அதான் வாரா வாரம் தண்ணி மாத்துறேனே டாக்டர்?"
மாத்துங்க, நல்லது. ஆனா கணக்கையும் பாருங்க. பாஸ்பேட் 0.30 இருக்கு. 20 சதவீதம் தண்ணி மாத்துறீங்க. 0.24-க்கு வரும். இறங்கினது 0.06. ஒரு கிராம் தீவனம் ஏத்தினது 0.15.
அது போக, கல்லும் மணலும் சுண்ணாம்பு. அது பாஸ்பேட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். தண்ணியில குறைஞ்சா மெதுவா திரும்ப விடும். மறுநாள் டெஸ்ட் பண்ணா பழைய எண்ணே நிக்கும். "டெஸ்ட் கிட் டூப்ளிகேட்"னு கடைக்காரரோட சண்டைக்குப் போவீங்க.

10/
இப்ப ஒரு டாக்டர் விஷயம். இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.
சிறுநீரகம் செயலிழந்தவங்களுக்கு ரத்தத்துல பாஸ்பேட் ஏறும். அதைக் குறைக்க சாப்பாட்டோட ஒரு மாத்திரை கொடுப்போம். அதுல ஒரு வகை லாந்தனம். இன்னொரு வகை இரும்பு சார்ந்தது. கடல் தொட்டிக் கடையில பாஸ்பேட்டைக் குறைக்க என்ன விக்கறாங்க? லாந்தனம் திரவம். இரும்பு ஆக்சைடு குருணை. அதே வேதியியல்!

11/
சரி, டயாலிசிஸ் நோயாளிகிட்ட நாங்க முதல்ல என்ன சொல்றோம்? "மாத்திரை இருக்கு, இஷ்டத்துக்குச் சாப்பிடுங்க"ன்னா? இல்ல. முதல்ல சாப்பாடு. பாக்கெட் பண்டம், குளிர்பானம், பதப்படுத்தின இறைச்சியை நிறுத்துங்கன்னு சொல்வோம். அடுத்தது டயாலிசிஸை விடாம செய்யறது. மாத்திரை அந்த ரெண்டுக்கும் துணை.
தொட்டிக்கும் வரிசை இதேதான். தீவனம், ஸ்கிம்மரும் தண்ணி மாத்துறதும், அதுக்கப்புறம்தான் குருணை.

12/
இன்னொரு பாடமும் இருக்கு. பாஸ்பேட்டைக் குறைக்க ஒரு காலத்துல நோயாளிகளுக்கு அலுமினியம் மருந்து கொடுத்தோம். நல்லாத்தான் குறைஞ்சது. அலுமினியம் உடம்புல சேர்ந்து எலும்பும் மூளையும் பாதிக்கப்படுதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. கைவிட்டோம்.
எண்ணைக் குறைக்கிற அவசரத்துல ஆளைக் கெடுத்த கதை எங்க தொழில்லயே இருக்கு. அதனால "ஊத்துனா மூணே நாள்ல பளிச்"னு எழுதின பாட்டிலைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

13/
இப்ப நோய் கண்டுபிடிப்போம். எல்லாத்தையும் "பாசி"ன்னு ஒரே பேர்ல கூப்பிடறதுதான் பாதிக் குழப்பம். பொதுவா நாலு வகை:
பழுப்புத் தூசி: புதுத் தொட்டியில வரும். டயாட்டம். தண்ணியில சிலிகேட் இருந்தா வரும்.
பச்சை முடி: சத்து கூடிப்போனதுக்கு அடையாளம்.
சிவப்புச் சளி: சயனோபாக்டீரியா.
குமிழி குமிழியா பழுப்பு நூல்: டைனோஃபிளாஜெல்லேட். இது வேற ஆபத்து, சொல்றேன்.

14/
இந்த நாலுல சயனோ மட்டும்தான் பாக்டீரியா. அதனாலதான் எரித்ரோமைசின் போட்டா அது மறையுது. யூடியூப்காரர் பொய் சொல்லலை.
ஆனா பச்சை முடிப்பாசிக்கும் அதே மாத்திரையைக் கரைச்சு ஊத்தறவங்க இருக்காங்க. சளிக்காய்ச்சல் வைரஸ்னு சொன்னாலும் "ஒரு ஆன்டிபயாடிக் போட்டு விடுங்க டாக்டர், சீக்கிரம் கேக்கும்"னு சொல்றது மாதிரி. வகையைப் பார்க்கலை, அளவு தெரியலை, எத்தனை நாள்னு தெரியலை. வீட்டு மனுஷங்களுக்குச் செய்யற அதே தப்பு, இப்ப மீனுக்கு.

15/
"டெஸ்ட் பண்ணேன் டாக்டர், நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. அப்புறம் எப்படிப் பாசி?" இதை நிறைய பேர் கேட்டிருக்காங்க.
வாந்தி பேதியில உடம்பு வத்திப்போய் ஒருத்தர் வருவார். ஹீமோகுளோபின் எடுத்தா நார்மலா இருக்கும். டிரிப் ஏத்தினதுக்கு அப்புறம் எடுத்தாத்தான் ரத்தசோகை தெரியும். எண் பொய் சொல்லலை, நாம படிச்சது தப்பு.
தொட்டியிலயும் தண்ணியில 0 இருக்கலாம். சத்து எல்லாம் பாசியோட உடம்புக்குள்ள போயிடுச்சு. கண்ணால பாசி தெரியுதுன்னா சத்து இருக்கு. அவ்வளவுதான்.

16/
இப்ப என் முட்டாள்தனம்.
ரெண்டாவது வருஷம் எனக்கு சுத்தப் பைத்தியம் பிடிச்சது. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 வந்தே ஆகணும்னு இரும்புக் குருணையை ரெட்டிப்பா போட்டேன். தீவனத்தைப் பாதியாக்கினேன். பாக்டீரியாவுக்குத் தீனியா கார்பன் திரவமும் விட்டேன். வெளிநாட்டுல இதுக்கு வோட்கா ஊத்துவாங்க. நான் வினிகர் ஊத்தினேன். டாக்டர் டாஸ்மாக் வாசல்ல நின்னா ஊர் என்ன பேசும்?

17/
மூணு வாரத்துல ரெண்டும் 0. எனக்குப் பெருமை தாங்கலை. அதுக்கு அடுத்த வாரம் பவளம் வெளுக்க ஆரம்பிச்சது. மணல் மேல பழுப்பு நூல், நுனியில குமிழி. நத்தைங்க ஒண்ணொண்ணா செத்துச்சு.
லேப் டெக்னீஷியன்கிட்ட ஒரு சொட்டு கொண்டுபோய் மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்த்தோம். துளி வடிவத்துல, ஒரு நூல்ல கட்டின ஆடு மாதிரி சுத்திச் சுத்தி வருது. ஆஸ்ட்ரியாப்சிஸ் மாதிரி டைனோ. சத்தே இல்லாத தொட்டியில, போட்டிக்கு வேற உயிர் இல்லாதப்ப, வந்து உட்கார்ற ஆள்.

18/
இது விளையாட்டு இல்ல. 2005-ல் இத்தாலியில் ஜெனோவா கடற்கரையில் ஆஸ்ட்ரியாப்சிஸ் பெருகினப்ப சுமார் 200 பேர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல்னு மருத்துவ உதவி தேடிப் போனாங்க. காரணம், அது உண்டாக்குற பாலிடாக்சின் வகை நஞ்சு.
பாலிடாக்சினை 1971-ல் ஹவாயில் ஒரு ஜோவாந்திட் வகை உயிரியில இருந்து பிரிச்சு எடுத்தாங்க. நம்ம செல்லுல சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளுற பம்பைப் பிடிச்சு, அதைத் திறந்த ஓட்டையா மாத்திடும். இயற்கையில இருக்கிற கொடிய நஞ்சுகள்ல ஒண்ணு.

19/
அதனால கொட்டை எழுத்துல சொல்றேன்: தொட்டிக் கல்லை வெந்நீர்ல கொதிக்க வச்சுப் பாசி எடுக்காதீங்க. பாசியும் ஜோவாந்திடும் ஒட்டின கல்லைக் கொதிக்க வச்சு, அந்த ஆவியில குடும்பத்தோட ஆஸ்பத்திரியில சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகி இருக்கு. பிரஷ் போட்டுத் தேய்க்கிறதும் கையுறை, கண்ணாடி போட்டுத்தான்.
இதை எத்தனை பாசி ஒழிப்பு வீடியோவில சொல்றாங்க?

20/
"ஆனா டாக்டர், நிஜக் கடல்ல பவளப்பாறைகிட்ட சத்து கிட்டத்தட்ட 0தானே?"
எண் சரி, படிச்ச விதம் தப்பு. கடல்ல கரைஞ்ச சத்து குறைவு. ஆனா மிதவை உயிரி, மீன் கழிவுன்னு சாப்பாடு ராப்பகலா ஓடி வந்துக்கிட்டே இருக்கு. கல்யாண வீட்டுல இலையில சோறு தங்காது. அதுக்காக அங்க சாப்பாடு இல்லன்னு சொல்வீங்களா?
உங்க தொட்டியில அந்த ஓட்டம் இல்ல. கரைஞ்ச சத்தையும் உறிஞ்சி எடுத்துட்டா பட்டினிதான்.

21/
பவளத்துக்குள்ள குடியிருக்கிற நுண்பாசிக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும். ரெண்டும் சமநிலையில வேணும். நைட்ரஜன் கூடி பாஸ்பேட் பட்டினி ஆனா பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் வெளுக்கும்னு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினாங்க.
வீட்டுக்கு என் அளவு: நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இதுக்குள்ள நின்னா போதும். குழந்தை எடை மாதிரி. ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீங்க, ஒரு மாசத்துப் போக்கைப் பாருங்க.

22/
இனி அந்தத் தம்பியோட கேள்விக்கு வர்றேன். ஏன் எழுதித் தர மாட்டேன்?
முதல் காரணம், அவரோட மீனுக்காகவே. தொட்டியில அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்தறது பாக்டீரியா. அதான் தொட்டியோட கல்லீரல் மாதிரி. ஆன்டிபயாடிக் ஊத்தினா சயனோ மட்டும் சாகும்னு என்ன உத்தரவாதம்? அந்த நல்ல பாக்டீரியாவும் அடிபடலாம். செத்த சயனோ வேற அழுகும். அம்மோனியா ஏறும், ஆக்சிஜன் இறங்கும். அன்னிக்கு ராத்திரி நம்ம ஊர்ல ரெண்டு மணி நேரம் கரண்ட் போனா கதை முடிஞ்சது.

23/
ரெண்டாவது காரணம், உங்க கை.
தொட்டியில கையை விடறவங்களுக்கு மைக்கோபாக்டீரியம் மரைனம்னு ஒரு கிருமி தொத்தலாம். காசநோய்க் கிருமியோட பங்காளி. விரல்ல சின்ன வெட்டுக்காயம் வழியா ஏறி, ஆறாத கட்டி கட்டியா வரும். "மீன் தொட்டிக் கட்டி"ன்னே இதுக்குப் பேர். மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். அதுக்கு நாங்க கொடுக்கற முக்கிய மருந்துகள்ல ஒண்ணு கிளாரித்ரோமைசின். எரித்ரோமைசினோட அதே மேக்ரோலைடு குடும்பம்.
அந்தக் கிருமி வாழக்கூடிய தண்ணியிலயே அந்தக் குடும்பத்து மருந்தைக் கொட்டிப் பழக்குறீங்க.

24/
மூணாவது காரணம், ஊர்.
நான் படிச்ச காலத்துல டைஃபாய்டுக்கு சிப்ரோ எழுதினா பெரும்பாலும் கேட்டுடும். இன்னிக்கு இந்தியாவுல டைஃபாய்டு கிருமிக்கு சிப்ரோ பெரும்பாலும் கேக்காது. இப்ப வாய்வழியா நம்புறது பெரும்பாலும் அசித்ரோமைசினைத்தான். அதுவும் மேக்ரோலைடு.
பாகிஸ்தானில் சிந்து மாகாணத்துல 2016-ல் கிளம்பின டைஃபாய்டுக்கு, வாயில கொடுக்க அசித்ரோமைசின் ஒண்ணுதான் மிச்சம் இருந்தது. அதுவும் போனா ஊசி மட்டும்தான். காய்ச்சல் வந்த ஒவ்வொரு பிள்ளையையும் வார்டுல படுக்க வைக்கணும்.

25/
2019-ல மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியாச் செத்தவங்க உலகத்துல சுமார் 12.7 லட்சம் பேர்னு லான்செட் இதழ்ல வந்த கணக்கு சொல்லுது.
பென்சிலின் கண்டுபிடிச்ச ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலயே எச்சரிச்சார்: அளவு குறைச்சுக் கொடுத்தா கிருமி சாகாது, பழகிடும். மாத்திரையைக் கல்லுல நுணுக்கி "சுமாரா 200 லிட்டருக்கு இவ்வளவு"ன்னு கரைக்கிறது அதைத்தானே செய்யுது?

26/
எரித்ரோமைசினும் சிப்ரோவும் ஷெட்யூல் எச் மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. 2016-ல் மத்திய அரசு ஒரு பிரசாரமே நடத்துச்சு: அட்டையில சிவப்புக் கோடு இருந்தா சீட்டு இல்லாம வாங்காதீங்கன்னு. வீட்டுல இருக்கிற அட்டையை எடுத்துப் பாருங்க, கோடு இருக்கும்.
அந்தக் கோடு மீனுக்குப் பொருந்தாதுன்னு எங்கயும் எழுதலை.

27/
எதிர்வாதம் வரும்னு தெரியும். "கோழிப்பண்ணையில மூட்டை மூட்டையா கொட்டுறான். என் ஒரு தொட்டியாலதான் உலகம் அழியப்போகுதா?"
நியாயமான கேள்வி. உங்க ஒரு தொட்டியால உலகம் அழியாது. அப்படின்னு நானும் சொல்லலை. ஆனா பண்ணைக்காரரையும் விட்டுடலை. கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கறதை 2019-ல் இந்தியா தடை செஞ்சது. இறால் பண்ணைக்குத் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் பட்டியலே இருக்கு. மிச்சம் தெரிஞ்சா ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துடும்.

28/
பிழைப்புக்கு இறால் வளர்க்கறவருக்கு இருக்கிற கட்டுப்பாடு, பொழுதுபோக்குக்குத் தொட்டி வைக்கிற நமக்கு வேண்டாமா?
இன்னொண்ணும் ஒத்துக்கறேன். இந்த நாசத்துல பெரிய பங்கு எங்க தொழிலுக்கு உண்டு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதின கை டாக்டர்களோட கை. நானும் எழுதியிருக்கேன். "எழுதலைன்னா பேஷன்ட் வேற டாக்டர்கிட்ட போயிடுவார்"ங்கற பயத்துல எழுதியிருக்கேன். அதனாலதான் இப்ப, மீனுக்குன்னு கேட்டாலும், என் பேனா நிக்குது.

29/
நாலாவது விஷயம் பாசி இல்ல, பவளம். சொல்லாம விட்டா மனசு கேக்காது.
"ராமேஸ்வரம் பீஸ், தூத்துக்குடி பீஸ், உயிரோட தர்றேன்"னு மெசேஜ் வருதா? வாங்காதீங்க. பாறை கட்டுற கல்பவளம் எல்லாம், விசிறிப் பவளம், கரும்பவளம், கடல்குதிரை உட்பட, 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாச்சு. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. வச்சிருந்தா ஜெயில்.

30/
சட்டத்துக்காக மட்டும் சொல்லலை. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள். 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆச்சு. அதுல பூவரசன்பட்டி, விலங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு அடியில. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம்.
ஒரு காலத்துல வண்டி வண்டியா எடுத்தோம். இப்ப பிளாஸ்டிக் கவர்ல எடுக்கறோம். எடுக்கற புத்தி அதேதான்.

31/
தொட்டிக்காரங்களுக்கு அந்தக் கடல் ஒரு பாடமும் வச்சிருக்கு. 2019 செப்டம்பர்ல மன்னார் வளைகுடாவுல நாக்டிலூகாங்கற நுண்ணுயிர் பெருகி கடல் பச்சையா மாறிச்சு. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கிச்சு. தண்ணியில ஆக்சிஜன் இறங்கி பவளமும் செத்தது.
கடல்லயே இந்தக் கதின்னா, நாலடிக் கண்ணாடிப் பெட்டியில என்ன ஆகும்னு யோசிங்க. பெருகும்போதும் ஆபத்து, மொத்தமாச் சாகும்போதும் ஆபத்து. அதான் ஒரே ராத்திரியில கொல்ற மருந்து வேண்டாம்ங்கறேன்.

32/
தொட்டியில இருந்து கடலுக்கும் நோய் போகும். காலர்பா டாக்ஸிஃபோலியான்னு ஒரு பாசி. 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழ கடல்ல முதல்ல தென்பட்டது. தொட்டியில அழகுக்கு வச்சிருந்த பாசி. அப்புறம் மத்தியதரைக் கடல்ல ஏக்கர் ஏக்கரா படர்ந்தது.
நம்ம குருசடைத் தீவுலயும் வளர்ப்புக்குக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கடற்பாசி கப்பாஃபைகஸ் பவளத்து மேல படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செஞ்சாங்க. அதனால தொட்டிப் பாசியை, மீனை, கல்லை எந்த நீர்நிலையிலயும் விடாதீங்க. பாசியை வெயில்ல காயப்போட்டு குப்பையில போடுங்க.

33/
திட்டினது போதும், வைத்தியம் சொல்றேன். ஓபியில பார்க்கிற அதே வரிசை.
ஒண்ணு, விசாரணை. எத்தனை மீன், எத்தனை தடவை தீவனம், விளக்கு எத்தனை மணி நேரம், என்ன தண்ணி. ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க. எழுதும்போதே பாதிப் பேருக்கு நோய் தெரிஞ்சுடும்.
ரெண்டு, பரிசோதனை. நைட்ரேட், பாஸ்பேட், உப்பு அளவு. டெஸ்ட் கிட்டுக்குக் காசு இல்லேன்னு சொல்லிட்டு நாலு பாட்டில் மருந்து வாங்காதீங்க.

34/
மூணு, தண்ணி. போர் தண்ணியில உப்புக் கலக்காதீங்க. நைட்ரேட், சிலிகேட் எல்லாம் அதுலயே வரலாம். ஆர்ஓ தண்ணி வேணும். வீட்டு ஆர்ஓ மட்டும் போதாது. அதுக்கு அப்புறம் ரெசின் வச்சு டிடிஎஸ் 0 வரணும்.
நாலு, சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒரு தடவை அல்லது ரெண்டு தடவை, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. உறைய வச்ச தீவனம்னா கரைச்சு வடிகட்டி, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் போடுங்க.

35/
அஞ்சு, வெளியேத்தறது. ஸ்கிம்மர் கோப்பையை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கழுவுங்க. ஃபில்டர் சாக்ஸை மூணு நாள்ல மாத்துங்க. அது அங்க கிடந்து அழுகுனா கழிவு திரும்ப தண்ணிக்குத்தான் போகும். வாரம் 10 சதவீதம் தண்ணி. கீழ ஒரு சின்னத் தொட்டியில கீட்டோ பாசி வளர்த்து, மாசா மாசம் ஒரு கைப்பிடி அள்ளி எறிங்க. பாசியைக் கொல்ல வேண்டாம், நமக்கு வேணுங்கற இடத்துல வளர்த்து அறுவடை பண்ணுங்க. அள்ளுற ஒவ்வொரு கைப்பிடியும் வெளிய போற சத்து.

36/
ஆறு, கை வைத்தியம். பச்சை முடியை டூத் பிரஷ்ல சுருட்டிப் பிடுங்குங்க. சிவப்புச் சளியை டியூப் வச்சு உறிஞ்சுங்க, அந்த இடத்துல நீரோட்டத்தைக் கூட்டுங்க. நத்தை வைங்க. விளக்கை 8 மணி நேரமாக் குறைங்க.
ஏழு, டைனோன்னா எல்லாமே தலைகீழ். சத்தைக் குறைக்காதீங்க, மெதுவா ஏத்துங்க. குருணையை எடுத்துடுங்க.
எட்டு, பொறுமை. 6 முதல் 8 வாரம். சர்க்கரை நோயாளிக்கே மூணு மாசச் சராசரி பார்த்துத்தான் பேசறோம். தொட்டிக்கு மூணு நாள் எப்படிப் போதும்?

37/
அந்தத் தம்பி என்ன ஆனார்னு கேப்பீங்க.
நான் எழுதித் தரலை. வேற எங்கயோ சீட்டு இல்லாமலே வாங்கிட்டார். ஊத்தின மறுநாள் சிவப்பு மறைஞ்சது. எனக்கு ஒரு போட்டோவும் அனுப்பினார், "பார்த்தீங்களா டாக்டர்"னு. நாலாவது நாள் இன்னொரு மெசேஜ். அதுல போட்டோ இல்ல. ஏழு மீன்ல ஆறு போச்சு.
திட்ட மனசு வரலை. நானும் நத்தைகளைச் சாகடிச்சவன்தானே. தொட்டியில கரி போட்டு மருந்தை எடுக்கச் சொன்னேன். பாதித் தண்ணி மாத்தச் சொன்னேன். அந்த ஒரு மீன் பிழைச்சுது.

38/
ஆனா மாத்தின தண்ணி எங்க போச்சு? வாசல் சாக்கடைக்கு. அங்க இருந்து ஓடைக்கு, அங்க இருந்து குளத்துக்கு. அந்தக் குளத்துல ஆடு தண்ணி குடிக்கும், பிள்ளைங்க கால் நனைக்கும்.
மீன் செத்தது அவரோட நஷ்டம். அந்தத் தண்ணியோட கணக்கு அவர் ஒருத்தரோடது இல்ல. அதுல எனக்கும் உங்களுக்கும் பங்கு இருக்கு. எனக்குக் கோபம் வர்றது அந்த இடத்துலதான்.

39/
மூணே வேண்டுகோள்.
தொட்டிக்காரங்களுக்கு: பாசியைப் பார்த்ததும் தீவன டப்பாவைப் பாருங்க, மெடிக்கலைப் பார்க்காதீங்க.
வீடியோ போடறவங்களுக்கு: உங்களை நம்பி ஆயிரக்கணக்குல பேர் இருக்காங்க. அதுல பாதிப் பேர் சின்னப் பசங்க. மாத்திரைப் பேரையும் அளவையும் சொல்ற பகுதியை எடுத்துடுங்க.
மெடிக்கல் அண்ணாச்சிகளுக்கு: "தொட்டிக்குத்தான்"னு சொன்னாலும் சீட்டு கேளுங்க. கேட்ட அந்தக் கடைக்காரருக்கு என் நன்றி.

40/
சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. தொட்டி போட்டோ, டெஸ்ட் எண், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீவனம்னு மூணும் சேர்த்துப் போடுங்க. ராத்திரி ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.
மாத்திரைப் பேரை மட்டும் கேக்காதீங்க. பதில் ஏற்கெனவே தலைப்புலயே இருக்கு.